பதிவேட்டிலிருந்து ரயிலுக்கு: நெதர்லாந்து யூதர்கள், 1940–1944

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி கைப்பற்றிய மேற்கு ஐரோப்பிய நாடுகளுள் யூதர்கள் மிக அதிக விகிதத்தில் அழிக்கப்பட்ட நாடு நெதர்லாந்து. ஜெர்மன் படைகள் நுழைந்த 1940 மே மாதத்தில் அங்கே ஏறத்தாழ 1,40,000 யூதர்கள் வாழ்ந்துவந்தனர். அவர்களில் ஏறத்தாழ 1,07,000 பேர் நாடு கடத்தப்பட்டார்கள். உயிரோடு திரும்பியவர்கள் ஐயாயிரத்துச் சொச்சம் பேர்தான். மொத்தத்தில் நான்கில் மூவர் மடிந்தனர். பக்கத்து நாடான பெல்ஜியத்தில் இந்த விகிதம் பத்துக்கு நான்கு. பிரான்சில் நான்கில் ஒருவர்.

இந்த எண்களைப் பார்ப்பவர்களுக்கு முதலில் தோன்றும் விளக்கம், டச்சு மக்கள் யூதர்களை மற்ற நாட்டவரைவிட அதிகம் வெறுத்திருப்பார்கள் என்பது. வரலாறு அதற்கு இடம் தரவில்லை. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் விரட்டப்பட்ட யூதர்கள் தஞ்சம் புகுந்து தழைத்த நகரம் ஆம்ஸ்டர்டாம். 1796இலேயே அவர்களுக்குச் சமக் குடியுரிமை கிடைத்துவிட்டது. நாஜிகளை அடியொற்றி முசெர்ட் நடத்திய கட்சி 1935 மாகாணத் தேர்தலில் எட்டு விழுக்காட்டு வாக்கு பெற்றது என்றாலும், 1937 பொதுத் தேர்தலில் அதில் பாதியளவுக்குச் சரிந்தது. இன்னும் வியப்பு என்னவென்றால், ஜெர்மன் ஆக்கிரமிப்புக்குள் இருந்த ஐரோப்பாவில், யூதர்கள் வேட்டையாடப்படுவதைக் கண்டித்து ஒரு நகரமே வேலைநிறுத்தம் செய்தது இந்த நாட்டில்தான்.

வேறு விளக்கங்களும் உண்டு. நெதர்லாந்து காடும் மலையும் இல்லாத, நெருக்கமாக மக்கள் வாழ்கிற சமதரை; ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஜெர்மனியும் ஜெர்மானியர் கையிலிருந்த பெல்ஜியமும். பெல்ஜியத்தை ராணுவம் ஆண்டதென்றால், நெதர்லாந்தை ஆஸ்திரிய நாஜியான ஆர்தர் சைஸ்-இன்குவார்ட்டின் தலைமையிலான குடிசார் நிர்வாகம் ஆண்டது, அதில் நாஜிகளின் ஆயுதக் காவல் அமைப்பான எஸ்.எஸ்.ஸின் பிடி இறுக்கமாக இருந்தது. இவை எல்லாம் உண்மை. ஆயினும் இந்த ஆய்வு பின்தொடர விரும்புவது இவற்றைவிட எளிதாகக் கண்ணுக்குத் தப்பிவிடும் ஒரு காரணத்தை: அந்த நாட்டின் குடிப்பதிவேடு மிகச் சிறப்பாக இருந்தது, அதை வைத்திருந்த ஊழியர்களும் மிகச் சிறப்பாக வேலை செய்தார்கள்.

மதம் என்ற கட்டம்

1850 முதலே நெதர்லாந்தின் ஒவ்வொரு நகராட்சியும் தன் எல்லைக்குள் வாழ்பவர்களைப் பதிந்துவந்தது. 1930களின் பிற்பகுதியில் அந்த முறை மேலும் செம்மையாக்கப்பட்டு, ஆளுக்கொரு அட்டை என்றாயிற்று. பிறப்பில் தொடங்கும் அந்த அட்டை, ஒருவர் ஊர் மாறினால் அவருக்கு முன்பாகவே புதிய நகராட்சிக்குப் போய்ச் சேரும். இறந்தால் அரசின் இருப்பிடமான தி ஹேக் நகருக்கு அனுப்பப்படும். பெயர், பிறந்த நாள், பெற்றோர், தொழில், முகவரி ஆகியவற்றோடு மதத்துக்கும் அதில் ஒரு கட்டம் இருந்தது. கத்தோலிக்கருக்கு ஒரு பள்ளி, புரட்டஸ்தாந்தருக்கு ஒரு பள்ளி, ஆளுக்கொரு செய்தித்தாள், ஆளுக்கொரு தொழிற்சங்கம் என்று மதவாரியாக வாழ்ந்து பழகிய சமூகத்தில் அந்தக் கட்டம் யாருடைய கண்ணையும் உறுத்தவில்லை. உறுத்தியிருக்க வேண்டும் என்று இன்று சொல்வது எளிது.

குடிப்பதிவேடுகளை மேற்பார்வையிட்ட அரசு அலுவலகத்தின் தலைவர் யாகோப் லென்ட்ஸ். நாஜிக் கட்சிக்காரர் அல்லர். தன் வேலையில் அளவு கடந்த பற்றுக்கொண்ட அதிகாரி. குடிமக்கள் அனைவருக்கும் அடையாள அட்டை கொடுக்க வேண்டுமென்று போருக்கு முன்பே அரசுக்குத் திட்டம் வரைந்து கொடுத்தவர் அவர். குற்றவாளியைப்போலக் குடிமகனை நடத்துவது டச்சு மரபுக்கு ஒவ்வாது என்று சொல்லி 1940 மார்ச்சில் அரசு அதை நிராகரித்தது. இரண்டு மாதங்களில் ஜெர்மானியர்கள் வந்தார்கள். லென்ட்ஸ் அதே திட்டத்தை அவர்களிடம் கொண்டுபோனார். அவர்கள் உடனே ஏற்றுக்கொண்டார்கள். நீர்க்குறியிட்ட தாள், புகைப்படம், கைரேகை, கையெழுத்து, திருத்தினால் காட்டிக்கொடுத்துவிடும் மை என்று அமைந்த அந்த அட்டை, ஜெர்மனியில் புழங்கிய அட்டையைவிடப் போலி செய்யக் கடினமானதாக இருந்தது. 1941 முதல் 15 வயது நிரம்பிய அனைவரும் அதைக் கையோடு வைத்திருக்க வேண்டும். யூதர்களின் அட்டையில் யூதரைக் குறிக்கும் டச்சுச் சொல்லின் முதலெழுத்தான ஜே, கறுப்பு மையில் பெரிதாகக் குத்தப்பட்டது. ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு நகல் சீட்டு தி ஹேக்கில் கிளெய்காம்ப் என்ற மாளிகையில் வரிசைப்படுத்தி வைக்கப்பட்டது.

இந்த மனிதரைப் புரிந்துகொள்வது இந்த வழக்கின் மையமான சிக்கல் என்று நான் கருதுகிறேன். அவரிடம் வெறுப்பைத் தேடினால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. கிடைப்பது ஒரு நிபுணரின் பெருமிதம். கேட்கப்பட்டதைவிட அதிகம் செய்து கொடுப்பது அவருடைய இயல்பாக இருந்தது. இரட்டைப் பதிவுகளை நீக்குவதும், ஐயத்துக்குரிய பெயர்களைப் பட்டியலிடுவதும் அவருக்குப் பதிவியல் சிக்கல்களாக மட்டுமே தோன்றின.

கையெழுத்தும் ஒரு கில்டரும்

அரசியும் அமைச்சர்களும் 1940 மே மாதத்திலேயே லண்டனுக்குப் போய்விட்டார்கள். நாட்டில் எஞ்சியவர்கள் அமைச்சகங்களின் தலைமைச் செயலாளர்கள். எதிரி நாட்டைக் கைப்பற்றினால் அரசு ஊழியர்கள் என்ன செய்ய வேண்டும் என்று 1937இலேயே அரசு மறைமுகமாக அறிவுறுத்தியிருந்தது: மக்களின் நலனுக்கு உதவும் வரையில் பதவியில் நீடிக்கலாம், எதிரிக்குக் கிடைக்கும் ஆதாயம் அதைவிடப் பெரிதானால் விலகிவிட வேண்டும். எந்த இடத்தில் தராசு சாய்கிறது என்பதை அந்த அறிவுறுத்தல் சொல்லவில்லை. நாம் விலகினால் நம் நாற்காலியில் முசெர்ட்டின் ஆள் வந்து உட்காருவான் என்பதே செயலாளர்களின் நிலையான வாதமாக இருந்தது. அந்த வாதம் பொய்யன்று. அதனால்தான் அது அவ்வளவு ஆபத்தானது. ஒவ்வொரு புதிய ஆணை வரும்போதும் அதே வாதத்தை மறுபடியும் சொல்ல முடிந்தது.

1940 அக்டோபரில் அரசு ஊழியர்கள் அனைவருக்கும் ஒரு படிவம் வந்தது. தானோ தன் மனைவியோ யூத வழியினர் அல்ல என்று உறுதி கூறுபவர்களுக்கு ஏ படிவம். யூத வழியினருக்கு பி படிவம். ஆசிரியர், அஞ்சல்காரர், நீதிபதி, பேராசிரியர் என்று எல்லோரும் நிரப்ப வேண்டும். மிகச் சிலரைத் தவிர எல்லோரும் நிரப்பிக் கையெழுத்திட்டார்கள். நாட்டின் உச்ச நீதிமன்ற நீதிபதிகளும் அவ்வாறே செய்தார்கள். அந்த நீதிமன்றத்தின் தலைவரான லோடவைக் விசர் யூதர். நவம்பரில் மற்ற யூத ஊழியர்களோடு அவரும் பதவியிலிருந்து ஒதுக்கப்பட்டபோது, அவரோடு அமர்ந்து தீர்ப்பெழுதிய சக நீதிபதிகள் வெளிப்படையாக ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பேசியவர் ஒருவர் லைடன் நகரில் இருந்தார். தன் ஆசிரியரும் சட்ட அறிஞருமான எடுவார்ட் மெயர்ஸ் நீக்கப்பட்டதைக் கேள்விப்பட்ட சட்டப் புலத் தலைவர் ருடால்ஃப் கிளெவரிங்கா, நவம்பர் 26 அன்று மெயர்ஸின் வகுப்பு நேரத்தில் மேடையேறி, அவருடைய சட்டப் பணியை விரிவாக எடுத்துரைத்து, இந்த நீக்கம் சட்டத்துக்குப் புறம்பானது என்று நிதானமாகச் சொன்னார். மாணவர்கள் அந்த உரையை இரவோடிரவாகப் படியெடுத்து நாடெங்கும் அனுப்பினார்கள். லைடனிலும் டெல்ஃப்டிலும் மாணவர் வேலைநிறுத்தம் நடந்தது. கிளெவரிங்கா சிறைக்குப் போனார். லைடன் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. உச்ச நீதிமன்றம் செய்யத் தவறியதை ஒரு பேராசிரியர் செய்தார் என்பதைவிட, அந்த வாரத்தில் அதைச் செய்வதற்கு உயிர் விலை கேட்கப்படவில்லை என்பதையே இங்கு குறித்துக்கொள்ள வேண்டும். கிளெவரிங்கா போருக்குப் பின்னும் வாழ்ந்தார்.

1941 ஜனவரி 10 அன்று அடுத்த ஆணை வந்தது. தாத்தா பாட்டி நால்வரில் ஒருவராவது யூதராக இருந்தால், அவர்கள் தம் நகராட்சி அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும்; தவறினால் சிறை. பதிவுக் கட்டணம் டச்சு நாணயத்தில் ஒரு கில்டர். தன்னைக் கொல்வதற்கான பட்டியலில் பெயரைச் சேர்க்க ஒவ்வொருவரும் ஒரு கில்டர் கட்டினார் என்பது பின்னாளில் நமக்குத் தெரிகிறது. அன்று கட்டியவருக்கு அது நகராட்சியில் கட்டும் இன்னொரு கட்டணம். ஏறத்தாழ 1,60,000 படிவங்கள் வந்து சேர்ந்தன. முழு யூதர், அரை யூதர், கால் யூதர் என்று வகைப்படுத்தி, நகராட்சி ஊழியர்கள் அவற்றைப் பழைய பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தார்கள். யூதர்கள் ஏன் தாங்களாகவே போய்ப் பதிந்தார்கள் என்று கேட்பவர்கள், அவர்களுடைய மதம் ஏற்கெனவே நகராட்சியின் அலமாரியில் இருந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். பதியாமல் இருப்பது ஒளிந்துகொள்வதாக ஆகாது, அகப்பட்டுக்கொள்வதாகவே ஆகும்.

அந்த ஆண்டு மே மாதத்தில் ஆம்ஸ்டர்டாம் நகராட்சியின் புள்ளியியல் பிரிவு ஒரு வரைபடம் தயாரித்தது. நகரத்தின் தெருக்கள், கால்வாய்கள் எல்லாம் தெளிவாக வரையப்பட்டு, அவற்றின் மேல் கறுப்புப் புள்ளிகள் இடப்பட்டிருக்கின்றன. ஒரு புள்ளிக்குப் பத்து யூதர்கள். நகரின் கிழக்கில் வாட்டர்லூ சதுக்கத்தைச் சுற்றிப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புத் திட்டாகிவிடுகின்றன. தெற்கில் புதிய குடியிருப்புகளில் தெருத்தெருவாக வரிசை கட்டுகின்றன. மேற்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெளித்திருக்கின்றன. நகருக்குள் யூதர்களை ஒதுக்கி அடைத்துவைக்கும் கெட்டோ அமைக்கலாமா என்று எண்ணிக்கொண்டிருந்த ஜெர்மன் அதிகாரிக்காக நகராட்சி ஊழியர்கள் போட்டுக் கொடுத்த படம் அது. கெட்டோ அமையவில்லை. படம் இன்றும் இருக்கிறது. அதைப் பார்ப்பவர்கள் அதன் துல்லியத்தை மெச்சாமல் இருக்க முடியாது. மெச்சிய மறுகணம் கூசாமலும் இருக்க முடியாது.

இடையில் ஒரு வேலைநிறுத்தம்

1941 பிப்ரவரி 22, 23 தேதிகளில் ஆம்ஸ்டர்டாமின் யூதப் பகுதியைச் சுற்றிவளைத்த ஜெர்மன் போலீஸ், நானூறுக்கும் மேற்பட்ட யூத இளைஞர்களைச் சதுக்கத்தில் குந்தவைத்து, அடித்து, லாரிகளில் ஏற்றிக்கொண்டு போனது. அவர்களுள் பெரும்பாலோர் மவுத்தவுசன் முகாமின் கல்குவாரியில் மடிந்தார்கள். சுற்றிவளைப்பை நேரில் கண்ட தொழிலாளர்கள் கொதித்தார்கள். தடைசெய்யப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த தெருப்பணியாளர்கள் இருவர், வில்லெம் கிரானும் பீட் நாக்கும், 24ஆம் தேதி மாலை நோர்டர்மார்க்ட் சந்தைத் திடலில் கூட்டம் போட்டார்கள். மறுநாள் காலை டிராம்கள் ஓடவில்லை. டிராம் நின்றதைக் கண்டு கப்பல் பட்டறையும் தொழிற்சாலையும் கடைகளும் அடைத்தன. ஹார்லெம், சான்டாம், உட்ரெக்ட் வரை அது பரவியது. இரண்டே நாளில் துப்பாக்கியால் அடக்கப்பட்டது. பின்னர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

இந்த வேலைநிறுத்தம் டச்சு மக்களின் மனச்சான்றுக்குச் சான்றாக ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகிறது, அது தகும். ஆனால் ஓர் ஆய்வாளர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மக்கள் எழுந்தது தெருவில் அடிதடியைக் கண்டபோது. அதே மாதத்தில் நகராட்சி முகப்புகளில் படிவங்கள் குவிந்துகொண்டிருந்ததைக் கண்டு யாரும் வேலையை நிறுத்தவில்லை. ஜெர்மானியர்களும் பாடம் கற்றார்கள்: கூடியவரை தெருச் சண்டையைத் தவிர்த்து, கடிதமும் ஆணையும் கொண்டு காரியத்தை முடிப்பது.

நட்சத்திரம், அழைப்பாணை, செவ்வாய்க்கிழமை

அடுத்த பதினைந்து மாதங்களில் பூங்கா, நூலகம், உணவகம், நீச்சல் குளம் எல்லாம் யூதர்களுக்கு அடைக்கப்பட்டன. குழந்தைகள் தனிப் பள்ளிகளுக்கு மாற்றப்பட்டனர். சேமிப்பும் நகையும் லிப்மான் ரோசன்தால் என்ற பெயரில் இயங்கிய கொள்ளை வங்கியில் ஒப்படைக்கப்பட்டன. 1942 மே முதல் மஞ்சள் நட்சத்திரம். அதுவும் இலவசமில்லை: ஒரு நட்சத்திரத்துக்கு நான்கு சென்ட், கூடவே துணிக்கான பங்கீட்டுக் கூப்பன். விநியோகிக்கும் வேலை, தம் ஆணைகளை யூதர்களிடம் நிறைவேற்ற ஜெர்மானியர்கள் அமைக்கவைத்த யூதப் பேரவையின் தலையில் கட்டப்பட்டது.

வைர வணிகர் ஆபிரகாம் ஆசரும் பேராசிரியர் டேவிட் கோஹனும் தலைமை வகித்த அந்தப் பேரவையைப் பற்றிய கசப்பு இன்றும் அடங்கவில்லை. பேரவை ஊழியர்களின் அடையாள அட்டையில், மறு அறிவிப்பு வரும் வரை இவருக்கு விலக்கு என்று முத்திரை குத்தப்பட்டது. அந்த முத்திரைக்காக ஆயிரக்கணக்கானோர் அலைமோதினார்கள். 1943 மே மாதத்தில், தம் ஊழியர்களுக்குள்ளேயே 7,000 பேரைத் தேர்ந்து கொடுக்குமாறு பேரவை பணிக்கப்பட்டது. கொலையாளி எழுதிய விதிகளின்படி ஆட வைக்கப்பட்டவர்களை, அந்த விதிகளை எழுதியவர்களோடும், எந்த ஆபத்துமின்றிப் படிவம் நிரப்பிய யூதரல்லாத அதிகாரிகளோடும் ஒரே கூண்டில் நிறுத்துவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

1942 ஜூலையில் அழைப்பாணைகள் வீடுகளுக்கு வந்தன. ஜெர்மனியில் வேலை, இன்ன பொருள்களை எடுத்துவர வேண்டும், இந்த ரயிலில் ஏற வேண்டும் என்று பட்டியலோடு வந்தன. ஜூலை 15 அன்று வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து முதல் ரயில் அவுஷ்விட்ஸ் கொலை முகாம் நோக்கிக் கிளம்பியது. அந்த முகாமே, ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த யூத அகதிகளுக்காக டச்சு அரசு 1939இல் கட்டியது. அழைப்பாணைக்கு வருவோர் குறைந்தபோது, டச்சுப் போலீஸார் இரவில் கதவைத் தட்டத் தொடங்கினார்கள். அவர்களின் கையிலிருந்த முகவரிகள் பதிவேட்டிலிருந்து வந்தவை. பிடிபட்டவர்கள் ஹாலந்து நாடக அரங்கில் அடைக்கப்பட்டு, இரவு நேர நகராட்சி டிராம்களில் ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். டிராம் நிறுவனம் ஒவ்வொரு பயணத்துக்கும் பில் போட்டது, பணமும் வந்தது. 1941 பிப்ரவரியில் வேலைநிறுத்தத்தைத் தொடங்கி வைத்த அதே டிராம்கள்தாம் இவை. ரயில்வே நிறுவனம் 1942 இலையுதிர் காலத்தில் முகாமுக்குள்ளேயே தண்டவாளம் நீட்டிக் கொடுத்தது.

1943 முதல் வெஸ்டர்போர்க்கில் வாரத்தின் கணக்கு செவ்வாய்க்கிழமையைச் சுற்றியே நடந்தது. திங்கள் இரவு பெயர்ப் பட்டியல் வாசிக்கப்படும். செவ்வாய் காலை ரயில் போகும். பெயர் வராதவர்களுக்கு இன்னும் ஏழு நாள். முகாமில் நல்ல மருத்துவமனை இருந்தது. இசை நாடக மேடை இருந்தது. தளபதி ஆல்பர்ட் கெம்மெக்கர் கைதிகளிடம் மரியாதையாகப் பேசுவார் என்று பெயர். போகும் இடம் தெரியாதபடி வைத்திருப்பதற்கு இந்த ஒழுங்கு உதவியது. 1943 மார்ச் முதல் ஜூலை வரை 19 ரயில்கள் சோபிபோர் என்ற கொலை முகாமுக்குப் போயின. அவற்றில் ஏற்றப்பட்டவர்கள் 34,313 பேர். உயிரோடு திரும்பியவர்களை இரு கைவிரல்களையும் கால்விரல்களையும் தாண்டாமல் எண்ணிவிடலாம்.

பட்டியலைத் தொட்டவர்கள்

காப்பாற்றியவர்களின் வரலாற்றைப் படிக்கும்போது ஒன்று துலங்குகிறது. ஒளித்து வைத்தவர்கள் பலர். அவர்களுள் பட்டியலின் மீதே கை வைத்தவர்களின் பணிதான் அரிதாகவும் பயனுள்ளதாகவும் இருந்தது.

நாடக அரங்குக்கு எதிரே ஒரு குழந்தைக் காப்பகம் இருந்தது. பெற்றோர் அரங்கில், குழந்தைகள் இங்கே. காப்பகத்தின் தலைவி ஹென்ரியட் பிமென்டெல், அரங்கில் யூதப் பேரவையின் சார்பில் நிர்வாகம் செய்த வால்ட்டர் சூஸ்கிண்ட், பக்கத்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவர் யோஹான் வான் ஹுல்ஸ்ட் ஆகியோர் சேர்ந்து ஏறத்தாழ 600 குழந்தைகளை வெளியே கடத்தினார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது இரண்டாம் வேலை. முதல் வேலை, பெற்றோரின் சம்மதத்தோடு அந்தக் குழந்தையின் பெயரை அரங்கின் அட்டைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிடுவது. எண்ணிக்கை சரியாக இருந்தால் யாரும் தேடமாட்டார்கள். டிராம் வந்து நின்று காவலாளியின் பார்வையை மறைக்கும் சில நொடிகளில் செவிலி ஒருத்தி பையோடு தெருவில் இறங்கிவிடுவாள். பிமென்டெல் 1943இல் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். சூஸ்கிண்டும் போர் முடிவதைக் காணவில்லை.

அந்தத் தெருவிலிருந்து சில நிமிட நடையில், மிருகக்காட்சி சாலைக்குப் பக்கத்தில், ஆம்ஸ்டர்டாமின் குடிப்பதிவேட்டு அலுவலகம் இருந்தது. 1943 மார்ச் 27 இரவு போலீஸ் சீருடையில் ஒரு குழு அங்கே வந்து கதவைத் தட்டியது. ஓவியரும் எழுத்தாளருமான வில்லெம் அரோந்தேயஸ், சிற்பி கெரிட் வான் டெர் வேன், ஒரு கட்டடக் கலைஞர், சீருடைகளைத் தைத்துக் கொடுத்த தையற்கலைஞர், மருத்துவ மாணவர்கள் என்று கலவையான குழு. காவலாளிகளைக் கொல்லக் கூடாது என்பது அவர்களின் முடிவு; மருத்துவ மாணவர்கள் ஊசி போட்டு மயங்க வைத்து, அவர்களைப் பக்கத்து மிருகக்காட்சி சாலைத் தோட்டத்தில் கிடத்தினார்கள். நெருக்கி அடுக்கிய அட்டைகளில் தீ எளிதில் பற்றாது. ஆகவே இழுப்பறைகளைத் திறந்து அட்டைகளைத் தரையில் கொட்டிக் குவித்து, எரிபொருள் ஊற்றி, வெடி வைத்தார்கள். தீயணைப்பு வீரர்கள் அவசரப்படாமல் வந்தார்கள்; வந்தபின், தேவைக்கு மேல் தண்ணீர் அடித்து, தீ விட்டுவைத்ததையும் நனைத்தார்கள். இந்த ஆய்வில் வரும் அரசு ஊழியர்களிலேயே தம் கடமையை மிக நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் இவர்கள்தாம் என்று தோன்றுகிறது.

அப்படியும் ஏறத்தாழ எட்டு லட்சம் அட்டைகளில் முழுவதும் அழிந்தவை பதினைந்து விழுக்காடே. குழு காட்டிக்கொடுக்கப்பட்டது. ஜூலை 1 அன்று அரோந்தேயஸ் உட்படப் பன்னிருவர் கடலோர மணல்மேட்டில் சுட்டுக் கொல்லப்பட்டனர். தன்பால் ஈர்ப்பை மறைக்காமல் வாழ்ந்த அரோந்தேயஸ், தம்மைப் போன்றவர்கள் கோழைகள் அல்லர் என்பதை உலகுக்குச் சொல்லும்படி தம் வழக்கறிஞர் தோழியிடம் கேட்டுக்கொண்டார். தப்பிய வான் டெர் வேன் போலி அடையாள அட்டைகளைப் பல்லாயிரக்கணக்கில் அச்சடித்துக் கொடுத்துவிட்டு, 1944 ஜூனில் அதே மணல்மேடுகளில் மாண்டார். தி ஹேக்கின் கிளெய்காம்ப் மாளிகையைப் பிரிட்டிஷ் விமானங்கள் 1944 ஏப்ரல் 11 அன்று குண்டு வீசி எரித்தன. அலுவலக ஊழியர்கள் அறுபது பேர் அளவில் இறந்தனர். தலைமறைவு இயக்கத்துக்கு அது பேருதவி. யூதர்களுக்குக் காலம் கடந்துவிட்டது: ஆம்ஸ்டர்டாமின் கடைசிப் பெரும் சுற்றிவளைப்பு அதற்கு ஆறு மாதங்களுக்கும் முன்பே முடிந்திருந்தது.

ஜெர்மானியரிலும் ஒருவர் உண்டு. வழித்தோன்றல் குறித்த ஐயங்களைத் தீர்க்கும் பொறுப்பிலிருந்த வழக்கறிஞர் ஹான்ஸ் கால்மையர், போலி என்று தெரிந்தே பல ஞானஸ்நானச் சான்றுகளை ஏற்று, ஆயிரக்கணக்கானோரைப் பட்டியலிலிருந்து எடுத்தார். வேறு பலருடைய மனுக்களை மறுத்து அனுப்பியும் வைத்தார். அவரை எப்படி மதிப்பிடுவது என்பதில் நெதர்லாந்தில் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

தலைமறைவானவர்கள் கால் லட்சத்துக்குச் சற்று மேல். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பிடிபட்டனர். பிடிக்க உதவியவர்களுள் டச்சுக்காரர்களே கொண்ட ஹென்னெய்க்கெ குழு ஒன்று; தலைக்கு ஏழரை கில்டர் வெகுமதியில் தொடங்கி, 1943இன் சில மாதங்களில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துக் கொடுத்தது. ரயில்வே தொழிலாளர்களின் பொது வேலைநிறுத்தம் 1944 செப்டம்பரில் நடந்தது. லண்டனிலிருந்த அரசு நேச நாட்டுப் படைகளின் வருகைக்காக விடுத்த அழைப்பு அது. யூதர்களை ஏற்றிய ரயில்களுக்காக அப்படி ஓர் அழைப்பு வரவே இல்லை.

எந்த இடத்தில் நின்றிருக்கலாம்

இந்த வழக்கில் பின்னோக்கிப் பார்க்கும்போது, மறுப்பின் விலையும் பயனும் எதிரெதிர்த் திசையில் நகர்வதைக் காணலாம். 1940 அக்டோபரில் படிவத்தை நீட்டியபோது நீதிபதிகளும் செயலாளர்களும் கூட்டாக மறுத்திருந்தால் பதவி போயிருக்கும், சிலருக்குச் சிறை கிடைத்திருக்கும். 1943இல் பதிவேட்டை எரிக்க முயன்றவர்களுக்கு உயிர் போனது. எரிந்தது பதினைந்து விழுக்காடு. முதல் கட்டத்தில் யாரும் கொலையைப் பற்றிப் பேசவில்லை என்பது உண்மை. ஜெர்மானியத் தலைமையே அன்று முழு அழிப்பை முடிவு செய்திருக்கவில்லை. ஆனால் ஒரு பிரிவினரைக் குடிமக்களிடமிருந்து பிரித்துப் பட்டியலிடும் ஆணை, அதன் இறுதி நோக்கம் தெரியாவிட்டாலும், தன்னளவிலேயே மறுக்கத்தக்கது என்பதைக் கிளெவரிங்கா அன்றே சட்டத்தின் மொழியில் சொல்லிக் காட்டினார்.

பெல்ஜியத்தோடு ஒப்பிடுவது இங்கே பயன்படும். அங்கேயும் யூதர் பதிவேட்டை நகராட்சிகள் தயாரித்தன. ஆனால் 1942 கோடையில் நட்சத்திரத்தை விநியோகிக்குமாறு கேட்டபோது பிரஸ்ஸல்ஸ் வட்டார மேயர்கள் மறுத்துவிட்டார்கள். ஆன்ட்வெர்ப்பில் நகர நிர்வாகமும் போலீஸும் ஒத்துழைத்தன. ஒரே நாடு, ஒரே ராணுவ ஆட்சி. எனினும் ஆன்ட்வெர்ப் யூதர்கள் பிரஸ்ஸல்ஸ் யூதர்களைவிட மிகப் பெரிய விகிதத்தில் அழிந்தார்கள்.

பட்டியலின் வரலாறு ஐரோப்பாவோடு முடிந்துவிடவில்லை. பெல்ஜியக் காலனி ஆட்சி 1930களில் ருவாண்டாவின் அடையாள அட்டையில் சேர்த்த இனம் என்ற கட்டம், 1994இல் சாலைத் தடுப்புகளில் யார் உயிரோடு போகலாம் என்பதை முடிவு செய்தது. 1983 ஜூலையில் கொழும்பில் வன்முறைக் கும்பல்கள் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு அடையாளம் கண்டதைத் தமிழ் வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. இந்த நிகழ்வுகளின் அளவும் தன்மையும் வேறு வேறு. அவற்றை ஒன்றாக்குவது என் நோக்கமன்று. கணக்கெடுப்பு, வாக்குரிமை என்று நல்ல காரணத்துக்காகச் சேர்த்த தகவல், ஆட்சியோ தெருவோ கைமாறும்போது கூடவே கைமாறுகிறது என்பதுதான் இவற்றுக்குப் பொது.

போருக்குப் பிறகு சைஸ்-இன்குவார்ட் நியூரம்பர்க்கில் தூக்கிலிடப்பட்டார். கெம்மெக்கர் தமக்கு ஒன்றும் தெரியாது என்றார். பத்தாண்டுத் தண்டனை பெற்று 1951இல் விடுதலையானார். லென்ட்ஸுக்கு மூன்றாண்டு சிறை. முகாம்களிலிருந்து திரும்பிய யூதர்களிடம், அவர்கள் இல்லாத காலத்துக்கான நிலக் குத்தகை பாக்கியையும் தாமதக் கட்டண அபராதத்தையும் ஆம்ஸ்டர்டாம் நகராட்சி வசூலித்தது. பழைய கோப்புகளில் அது தெரியவந்து, 2016இல்தான் ஈடு செய்ய முடிவானது. ரயில்வே நிறுவனம் 2005இலும், பிரதமர் மார்க் ரூட்டே அரசின் சார்பில் 2020 ஜனவரியிலும், ஆம்ஸ்டர்டாம் மேயர் 2025இலும் மன்னிப்புக் கேட்டார்கள். ரூட்டேயின் உரையில், அரசு அமைப்புகள் செய்யத் தவறியது மட்டுமல்லாமல், எதிரி கேட்டதைச் செய்து கொடுத்தன என்ற ஒப்புதலும் இருந்தது. 2021இல் திறக்கப்பட்ட ஆம்ஸ்டர்டாம் நினைவுச் சின்னத்தில் 1,02,000க்கும் மேற்பட்ட செங்கற்கள் உள்ளன. கல்லுக்கு ஒரு பெயர், பிறந்த நாள், இறந்தபோது வயது.

2025 ஜனவரியில், எதிரியோடு ஒத்துழைத்ததாக விசாரிக்கப்பட்ட ஏறத்தாழ 4,25,000 பேரின் கோப்புகளுக்கு விதிக்கப்பட்டிருந்த தடை முடிந்தது. அவற்றை இணையத்தில் முழுமையாக வெளியிடத் தேசிய ஆவணக் காப்பகம் திட்டமிட்டிருந்தது. தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்ததால் பெயர்ப் பட்டியல் மட்டும் வெளியாயிற்று. பட்டியலில் இருப்போரில் பலர் தண்டிக்கப்படாதவர்கள், சிலர்மீது வெறும் புகார் மட்டுமே இருந்தது, அவர்களின் பிள்ளைகள் இன்னும் வாழ்கிறார்கள் என்பது ஒரு தரப்பின் வாதம். கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்குத் தம்மைக் காட்டிக்கொடுத்தவர் யார் என்று அறியும் உரிமை எண்பது ஆண்டுகளாக மறுக்கப்பட்டுவந்தது என்பது மறுதரப்பின் வாதம். அந்த ஆண்டில் கோப்புகளைப் பார்க்க விரும்பியோர் முன்பதிவு செய்துகொண்டு தி ஹேக்கிலுள்ள காப்பகத்துக்கே நேரில் போக வேண்டியிருந்தது.